செவ்வாய்க்கிழமைக் கேள்விகள்

மாதத்தின் முதற் செவ்வாய்க்கிழமையும் மூன்றாம் செவ்வாய்க்கிழமையும் இரவு எட்டு மணிக்கு நாங்கள் ஆறு பேர், றூர்ப் பிரதேசத்து நகரமொன்றில், தெருமுனைக் க்னைப்ப ஒன்றின் யன்னலோர மேசையில் கூடுகிறோம். க்னைப்ப என்பது எங்கள் ஊர்த் தவறணைக்கு ஜேர்மனியில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளலாம். கள்ளுக்குப் பதில் பியர், பிளாவுக்குப் பதில் கண்ணாடிக் குவளை. அந்த இரண்டு இரவுகளில் அங்கே வினாடிவினா நடக்கும். ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். மேசைக்கொரு தாள், ஒரு பென்சில். கைத்தொலைபேசிகள் மேசை நடுவிலுள்ள பாண் கூடைக்குள் போய்விட வேண்டும். ஐந்து சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. முடிந்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் தாளைக் கொடுத்துத் திருத்துவிக்க வேண்டும். முதலாவதாக வரும் மேசைக்கு இருபது யூரோவுக்குக் குடிக்கலாம். இவ்வளவுதான் விஷயம்.

ஒவ்வொரு அணியும் தனக்கொரு பெயர் வைக்கும். ஜேர்மனியர்கள் பகிடியான பெயர்களாக வைப்பார்கள். நாங்கள் வைத்த பெயர் 'டுல்டுங்'. அகதி மனு நிராகரிக்கப்பட்டும் திருப்பி அனுப்ப முடியாத நிலையில் இருப்பவருக்குக் கொடுக்கப்படும் கடதாசியின் பெயர் அது. சகித்துக்கொள்ளல் என்பது அதன் நேரடிப் பொருள். முதல் நாள் அந்தப் பெயரை வாசித்தபோது கேள்வி கேட்பவருக்குச் சிரிப்பதா விடுவதா என்று தெரியவில்லை. இப்போது பழகிவிட்டது. "டுல்டுங், முப்பத்தொன்பது புள்ளி" என்று சாதாரணமாகச் சொல்கிறார்.

ஆறு பேரில் ஒருவர் வடமராட்சியில் சரித்திரம் படிப்பித்த மாஸ்டர். இங்கு வந்து கோப்பை கழுவி, பிறகு களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்கி ஓய்வுபெற்றவர். இன்னொருவர் லொறி ஓட்டியவர், ஐரோப்பாவின் ஆறுகளையும் சுரங்கப் பாதைகளையும் உள்ளங்கை போலச் சொல்வார். இன்னொருவர் முப்பது வருடமாகப் பீட்சா சுட்டவர், உதைபந்தாட்டம் அவர் பொறுப்பு. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர். திகதியண்ணை என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் - அந்தப் பெயரின் காரணம் பின்னால் வரும். கடைசியாக, மாஸ்டரின் மகள். இங்கேயே பிறந்தவள். எங்களை முதலில் அங்கே இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

எங்கள் பலம் தலைநகரங்கள், நாணயங்கள், போர்கள், மூலகங்களின் குறியீடுகள். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எங்கள் தலைமுறை எதைப் படித்தது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. பரீட்சை ஒன்றுதான் வெளியே போகும் வாசல் என்று நம்பிய சமூகம் அது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது எம்மவர் அடைந்த கொதிப்பை அந்த நம்பிக்கையோடு சேர்த்துத்தான் விளங்கிக்கொள்ள முடியும். உலகத்தைப் பாராமலே உலகத்தின் ஆறுகளை வரிசையாகச் சொல்லக்கூடிய பிள்ளைகளாக நாங்கள் வளர்ந்தோம். பின்னர் அந்த ஆறுகளில் சிலவற்றை இரவில், லொறிக்குள் ஒளிந்திருந்து கடந்தோம்.

எங்கள் பலவீனம் ஜேர்மனியக் குழந்தைப் பருவம். 1971இலிருந்து ஞாயிறு காலைகளில் எலியொன்று வந்து பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சி, பழைய விளம்பரங்களின் வாசகங்கள், பள்ளிச் சுற்றுலாவில் பாடும் பாட்டுகள்: இவற்றில் ஒரு கேள்வி வந்தால் நாங்கள் ஐந்து பேரும் மகளின் முகத்தைப் பார்ப்போம். ஒரு நாட்டின் சரித்திரத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம். அங்கே ஐந்து வயதாக இருந்திருப்பதைப் படிக்க வழியில்லை. ஆனால் ஐம்பதுகளின் ஷ்லாகர் பாட்டு என்று வந்தால் நிலைமை தலைகீழ். ஃபிறெடி குவின், கற்றறீனா வலன்ற என்று அக்கா பாடகர் பெயர்களை எழுதிக்கொண்டே போவார். பக்கத்து மேசைப் பெடியள் வாயைப் பிளப்பார்கள். இல்லத்தில் மறதி நோயுள்ள கிழவிகளைக் குளிப்பாட்டும்போது அவர்கள் பாடப் பாடக் கேட்டுப் பழகியது. தங்கள் பிள்ளைகளின் பெயரை மறந்தவர்களிடமிருந்து அக்கா கற்றுக்கொண்ட ஜேர்மனி அது.

இந்த விளையாட்டு ஜேர்மனியருக்கும் சொந்தமானதல்ல. மதுச்சாலை வினாடிவினா இங்கிலாந்துச் சரக்கு. 1976இல் பேர்ன்ஸ் அன்ட் போர்ட்டர் என்ற நிறுவனம், ஆட்கள் வராத வாரநாள் இரவுகளில் மதுச்சாலைகளை நிரப்புவதற்காக இதை ஒரு வியாபாரமாக்கியது. அங்கிருந்து ஐரிஷ் மதுச்சாலைகளோடு ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தது. ஜேர்மனியருக்கென்று இருந்தது ஸ்ரம்டிஷ்: தெரிந்தவர்கள் மட்டும் கிழமைக்குக் கிழமை உட்காரும் நிரந்தர மேசை. நடுவில் அறிவிப்புப் பலகை இருக்கும், மற்றவர்கள் உட்காரக்கூடாது. பத்திரிகைகளில் 'ஸ்ரம்டிஷ் பேச்சு' என்றால் வெளிநாட்டவரை வாய்க்கு வந்தபடி திட்டும் பேச்சு என்றொரு பொருளும் உண்டு.

எண்பதுகளில் வந்த எங்களுக்கு அப்படியொரு மேசையைப் பற்றி நினைத்துப் பார்க்கவே இடமிருக்கவில்லை. காசு ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் சட்டம். 1982இன் அகதி விசாரணைச் சட்டப்படி, மனுச் செய்தவர் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியின்றித் தாண்டக்கூடாது. பக்கத்து நகரத்தில் இருக்கும் மச்சானைப் பார்க்க றெயினில் மூன்று தரிப்பிடம் போனாலும் குற்றம்தான். ஒருமுறை பிடிபட்டால் அபராதம், திரும்பவும் பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறையும் கிடைக்கலாம். 2015இல்தான் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்துடன் முடிவடையும்படி தளர்த்தப்பட்டது. ஆகவே எங்கள் நிரந்தர மேசை ஹைமின் குசினியில் இருந்தது. அங்கே முந்நூற்றிநாலு விளையாடினோம், ஊர்ச் செய்தி வந்தவரைச் சுற்றி உட்கார்ந்தோம். 1992 ஆகஸ்டில் றொஸ்ரொக் லிக்ற்றன்ஹாகனில் அகதிகள் இருந்த கட்டடத்தைக் கூட்டம் சூழ்ந்து தாக்கி, பக்கத்தில் வியட்நாமியத் தொழிலாளர் இருந்த பகுதிக்கு நெருப்பு வைத்தபின், அதே ஆண்டு நவம்பரில் மொல்னிலும் 1993 மே மாதம் சோலிங்கனிலும் துருக்கியக் குடும்பங்கள் வீட்டோடு எரிக்கப்பட்டபின், இருட்டியபிறகு வெளியே போவதையே விட்டோம். க்னைப்ப ஒன்றின் கதவைத் திறப்பதற்கு எங்களில் சிலருக்கு இருபது வருடம் சென்றது.

அந்த ஹைமில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் அதில் ஒரு மனிதர் வருவார். மனிதர்கள் ஓடியோடி விடை சொல்வார்கள், ஒரு மணி அடிக்கும், அவர் சபையைப் பார்த்துக் கேட்டுவிட்டுத் திடீரென்று மேலே துள்ளுவார். துள்ளிய நிலையில் படம் அந்தரத்தில் நிற்கும். எங்களுக்கு மொழி விளங்காது, துள்ளல் விளங்கியது. பெடியள் குசினியில் துள்ளிக் காட்டுவார்கள். நிகழ்ச்சியின் பெயர் 'டல்லி டல்லி' - சுறுக்கா, சுறுக்கா என்று அர்த்தம். 1971 மேயிலிருந்து 1986 வரை நடந்தது. மனிதரின் பெயர் ஹன்ஸ் றோசன்தால்.

அவர் யார் என்பதை வெகுகாலத்தின் பின் மாஸ்டர்தான் புத்தகம் வாசித்து எங்களுக்குச் சொன்னார். 1925இல் பேர்லினில் பிறந்த யூதர். பதினாறு வயதில் தாயும் தகப்பனும் இல்லை. தம்பி கேர்ட்டுக்குப் பத்து வயது. 1942இல் றீகாவுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டான். கட்டாய வேலையில் இருந்த ஹன்ஸ் 1943 மார்ச்சில் தலைமறைவாகி, பேர்லின் லிஷ்ரன்பேர்க்கில் சிறுதோட்டக் குடியிருப்பொன்றில் ஒளிந்தார். ஜேர்மனியர் வாடகைக்கு எடுத்துக் காய்கறி நடும் அந்தத் துண்டுத் தோட்டங்களை வாசகர்கள் அறிவார்கள். எம்மவர் பலர் இன்று அவற்றில் மிளகாயும் பூசணியும் வைத்திருக்கிறார்கள். அப்படியொரு தோட்டத்துக் கொட்டிலில், யூதரல்லாத மூன்று பெண்களின் துணையோடு, இரண்டு வருடத்துக்கு மேல் மறைந்திருந்தார். ஈடா யாவுக் முதலில் இடம் கொடுத்தார். அவர் இறந்தபின் மரியா ஷோன்பெக் ஏற்றுக்கொண்டார். எம்மா ஹார்ன்ட் உதவினார்.

1945இல் சோவியத் படை வந்தபோது மறைவிடத்திலிருந்து மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்தார். அந்த நட்சத்திரமே அவரைக் கொல்லப் பார்த்தது. வந்த வீரர்கள் மைடானெக் முகாமை விடுவித்தவர்கள். அங்கே காவலர்கள் தப்புவதற்காக அந்த நட்சத்திரத்தை அணிந்துகொண்டதைக் கண்டிருந்தார்கள். சுடப் போன வேளையில் யூத அதிகாரி ஒருவர் வந்து, நீ யூதன் என்றால் யூதரின் விசுவாசப் பிரார்த்தனையைச் சொல் என்று கேட்டார். சொன்னார். உயிர் தப்பினார்.

இதை மாஸ்டர் சொல்லி முடித்தபோது மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்லி உயிர் பிழைத்தவர், பிறகு வாழ்நாள் முழுவதும் கேள்வி கேட்பதையே தொழிலாக்கிக்கொண்டார். 1948இலிருந்து பேர்லினின் அமெரிக்கப் பகுதி வானொலியான றியாஸில் வேலை செய்தார். 'குவிஸ்' என்ற சொல்லே போருக்குப் பின் அமெரிக்கர்களோடு வந்தது. 1965இல் அவர் தொடங்கிய ஞாயிறு இசைப் புதிருக்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தும் நேயர்கள் விடை எழுதினார்கள். தொலைக்காட்சியிலோ 1964இலிருந்து குலன்கம்ஃப் என்பவர் எட்டு ஐரோப்பிய நாட்டவரை எட்டு ஆசனங்களில் இருத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகள் அவை.

றோசன்தாலின் கதையில் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 'டல்லி டல்லி'யின் எழுபத்தைந்தாவது நிகழ்ச்சி 1978 நவம்பர் 9இல் விழுந்தது. யூதர்களின் ஆலயங்கள் எரிக்கப்பட்ட 1938 நவம்பர் இரவின் நாற்பதாம் ஆண்டு நாள். திகதியை மாற்றும்படி அவர் கேட்டார், தொலைக்காட்சி நிறுவனம் சம்மதிக்கவில்லை. கறுப்பு உடையில் வந்து நின்று நிகழ்ச்சியை நடத்தினார். யூலை மாதத்தில் இங்குள்ள அலுவலகங்களில் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டும்போது, 1983ஐ நினைத்துக்கொண்டு தட்டை நீட்டியவர்களுக்கு அந்தக் கறுப்பு உடை விளங்கும்.

எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு வருவோம். ஊரில் சோதனைச் சாவடியில் கேட்டார்கள். எந்த ஊர், எங்கே போகிறாய், அடையாள அட்டை எங்கே. இராணுவம் கேட்டது, 1987இலிருந்து இந்தியப் படை கேட்டது, எங்கள் இயக்கங்களும் தங்கள் பங்குக்குக் கேட்டன. தலையாட்டி முன்னால் நிறுத்தப்பட்டவர்களிடம் கேள்வியே கேட்கவில்லை. சாக்குக்குள் இருந்த தலை ஆடினால் முடிந்தது கதை. பிறகு, ஒரு விசித்திரம்: மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிறீட்றிஷ் வீதி நிலத்தடி நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் வந்த எம்மவரை, மேற்குப் பக்கத்து எல்லையில் எவரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோட்டை எல்லையென்று மேற்கு ஜேர்மனி ஏற்றுக்கொள்ளாதபடியால் அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. உலகத்தைப் பிரித்த மதிலில் எங்களுக்கு மட்டும் ஒரு வாசல். 1985 யூலையில் இரு ஜேர்மனிகளுக்குமிடையே கடன் பேச்சு முடிந்தபோது கிழக்கு ஜேர்மனி தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்தது.

1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றினார்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன விடை: இந்தியாவிலிருந்து. சில நாட்களில் உண்மை வெளிவந்தது. புறப்பட்டது ஜேர்மனியின் வேசர் ஆற்றங்கரையிலிருந்து. பிழையான விடை சொன்னார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர்களோடு ஹைமில் இருந்தவர்கள் எங்களில் இருவர். படகில் ஏறாமல் நின்றதற்குக் காரணம் துணிவில்லாமையா காசில்லாமையா என்று இன்றும் அவர்களுக்குள் வாதம் நடக்கிறது.

இனித் திகதியண்ணை. அவருடைய விசாரணையில் அவரைப் பிடித்துக்கொண்டுபோன நாளைக் கேட்டார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் கழிய என்று சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஏப்ரலில் ஒரு திகதி போட்டார். இரண்டு மணித்தியாலம் சென்று அதே கேள்வி வேறுவிதமாகத் திரும்ப வந்தது. மாமி இறந்த முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள் என்றார். கணக்குப் பார்த்ததில் அது மே மாதத்தில் விழுந்தது. முரண்பாடு. மனு நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு, டுல்டுங், ஆறு மாதத்துக்கொரு முத்திரை என்று பதினொரு வருடம் இழுபட்டார். முதுகிலிருந்த தழும்புகளைப் பற்றி ஒருவரும் முரண்பாடு கண்டுபிடிக்கவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. இன்று அவரைப்போல் திகதி தெரிந்த ஆள் எங்கள் நகரத்தில் இல்லை. வெஸ்ற்ஃபாலியச் சமாதானம் 1648, மதில் எழுந்தது 1961 ஆகஸ்ட் 13. ஆனால் தாளில் தன் கையால் எழுதமாட்டார். மகளின் காதுக்குள் சொல்வார். "நீ எழுது பிள்ளை. நான் எழுதினால் பிழைச்சுப்போம்."

பிரசாவுரிமைப் பரீட்சை வந்தபோது முழுப் புள்ளி எடுத்தவரும் அவர்தான். அந்தப் பரீட்சைக்கும் ஒரு முன்கதை உண்டு. 2006 மார்ச்சில் ஹெசன் மாநிலம், பிரசாவுரிமை கேட்போருக்கென்று நூறு கேள்விகளை முன்மொழிந்தது. கஸ்பார் டேவிட் ஃபிறீட்றிஷ் றூகன் தீவில் வரைந்த படத்தில் என்ன இருக்கிறது, 'பேர்னின் அற்புதம்' என்றால் என்ன என்றெல்லாம் இருந்தது. முன்னது சுண்ணாம்புப் பாறை, பின்னது 1954 உலகக் கிண்ணம். நாடு முழுவதும் சண்டை. இங்கே பிறந்தவர்களிலேயே எத்தனை பேர் சித்தியடைவார்கள் என்று கேலிப் படங்கள் வந்தன. கடைசியில் 2008 செப்டெம்பர் 1இலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை. பொதுவாக முந்நூறு கேள்வி, மாநிலத்துக்குப் பத்து. அவற்றிலிருந்து 33 கேட்பார்கள், 17 சரியென்றால் போதும். ஒரு மணித்தியாலம், இருபத்தைந்து யூரோ. கேள்விகள் முன்கூட்டியே அச்சில் கிடைக்கும். மனப்பாடம் பண்ணிப் பழகிய எங்கள் தலைமுறைக்கு இதைவிட இலேசான பரீட்சை வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கேள்வி கேட்பவர் பகிடிக்காக அந்த முந்நூற்றிலிருந்தே பத்தை எடுத்து ஒரு சுற்று வைத்தார். எத்தனை மாநிலங்கள், சின்னத்திலுள்ள பறவை எது, 1953 யூன் 17இல் கிழக்கு ஜேர்மனியில் என்ன நடந்தது என்ற விதமாக. தெரிவுக்கு நான்கு விடைகளை அவர் கொடுக்கவில்லை. பத்துக்குப் பத்து எங்களுக்கு. பக்கத்து மேசைக்கு ஆறு. அவர்களில் ஒரு மனிதர், கட்டட வேலைக்காரர், நல்லவர், எங்களுக்கு ஒரு சுற்றுப் பியர் வாங்கித் தந்து, "அப்படியென்றால் நான் எங்கே போகவேண்டும்?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். திகதியண்ணை மட்டும் அவரை உற்றுப் பார்த்து, மிக மரியாதையான ஜேர்மன் மொழியில், நீங்கள் எங்கும் போகத் தேவையில்லை என்றார். அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

போன மாரியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். கடைசிச் சுற்று. நாங்களும் இன்னொரு மேசையும் சமபுள்ளி. ஒன்பதாவது கேள்வி: இலங்கையின் தலைநகரம் எது? மண்டபம் முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள்.

விடை எங்களுக்குத் தெரியும். 1982 ஏப்ரலில் பாராளுமன்றம் கோட்டைக்கு மாறியது. ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே. லொறிக்காரர் எழுதச் சொன்னார். பீட்சாக்காரர் அந்தப் பெயரை எழுதக்கூடாது என்றார். எண்பத்திமூன்றில் கொழும்பில் அவருடைய தமையனின் கடை எரிந்தபோது ஆட்சியில் இருந்த ஜனாதிபதியின் பெயரும் அதுவே. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "அது அந்தாளுக்காக வைச்ச பேரில்லை. அறுநூறு வருஷப் பழைய பேர். அங்கையிருந்து வந்த செண்பகப் பெருமாள்தானே யாழ்ப்பாணத்தைப் பிடிச்சவன். நல்லூரிலை இண்டைக்கும் கட்டியத்திலை புவனேகபாகு எண்டு சொல்லுகினம், நீர் கும்பிட்டுக்கொண்டு நிண்டு கேக்கேல்லையே?" அக்கா, கொழும்பு என்றே போடுவோம், எல்லாரும் அதைத்தான் போடுவார்கள் என்றார். திகதியண்ணை பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஐந்து பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மணி அடித்துவிட்டது. அவசரத்தில் அவள் எழுதியது கொழும்பு.

மற்ற மேசை கோட்டே என்று எழுதியிருந்தது. ஒரு புள்ளியால் தோற்றோம். கேள்வி கேட்பவர் ஒலிவாங்கியில் எங்களைக் கொஞ்சம் பகிடி பண்ணினார். அதில் தப்பில்லை.

ட்ராம் தரிப்பிடத்தில் குளிர். மாஸ்டரும் பீட்சாக்காரரும் செண்பகப் பெருமாளை இன்னும் விடவில்லை. "உங்களுக்குத் தெரியும்தானே அப்பா, பிறகு ஏன் சொல்லேல்லை?" என்று மகள் கேட்டாள். மாஸ்டர் பாதி வசனத்தில் நின்றார். திகதியண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்து, ட்ராம் வர இன்னும் நாலு நிமிஷம் கிடக்கு என்றார்.